கண்டு வருவோம்: தரங்கம்பாடி

விடுமுறை நெருங்கிவிட்டால் ஹவுராவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு ரயில் சீட்டைப் பற்றியதாகும். அடுத்தது, ஊருக்குப் போனால் யார் வீட்டில் எத்தனை நாள் தங்குவது என்பது. மாமா வீட்டில் நான்கு நாள், அத்தை வீட்டில் இரண்டு நாள், குலதெய்வத்துக்குப் பொங்கலிட ஒரு நாள், இடையே ஒரு திருமணம், ஒரு காதணி விழா என்று இருபது நாளும் கணக்கில் அடங்கிவிடும். உறவைப் பேணுவது நம் கடமை. அதில் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. ஆயினும் நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் பிறந்து வளர்வது ஹூக்ளிக் கரையில். தமிழ்நாடு என்றால் அவர்களுக்குத் தெரிவது பாட்டி வீட்டுக் கூடமும், ஒரு கோயிலும், கடும் வெயிலுமே. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் தமிழகக் கடற்கரையில் ஒரு நாழிகை நின்றறியாத பிள்ளைகள் நம்மிடையே பலர் உள்ளனர்.

மத்தியதரைக் கடலோரத்துப் பழம்பெரும் நகரங்களின் படங்களை இன்று நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் காண்கிறோம். ஸ்பெயின் நாட்டுத் தாரகோனாவில் ரோமானியர் கட்டிய வட்டரங்கு கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அருகிலேயே மக்கள் நீராடும் மணற்கரை இருக்கிறது. ஒரே நாளில் பழமையையும் கடலையும் கண்டு மகிழலாம் என்பதே அத்தகைய நகரங்களின் சிறப்பு. அவ்வளவு தொலைவு செல்ல நம்மில் பெரும்பாலோர்க்கு வசதியில்லை. கோட்டையும் நகர வாயிலும் பழைய வீதிகளும் கடற்கரையும் ஓரிடத்தில் அமைந்த ஊர் நம் தமிழகத்திலேயே உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடியே அது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இருபது நாளில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

இந்தப் பயணத்தை ஹவுராவிலிருந்தே தொடங்கலாம் என்பது நமக்கு மட்டும் வாய்த்த நற்பேறு. தரங்கம்பாடிக்கு ஓர் இரட்டை நகர் உண்டு. அது நம் வாயிற்படியிலேயே இருக்கிறது. ஹவுரா நிலையத்தில் பண்டேல் செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறினால் லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாடா முதலிய நிலையங்களைக் கடந்து சிறிது நேரத்தில் ஸ்ரீராம்பூரை அடையலாம். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியபோது, வழியில் நின்ற ஊர்களுள் இதுவும் ஒன்று. நம்மில் பலர் நாள்தோறும் அவ்வழியே வேலைக்குச் சென்று வருகிறோம். இறங்கிப் பார்த்தவர் சிலரே.

டேனியர் எனப்படும் டென்மார்க் நாட்டார் 1755-ஆம் ஆண்டில் வங்க நவாபு அலிவர்திகானிடம் இசைவு பெற்று இவ்வூரில் வாணிகக் குடியிருப்பு அமைத்தனர். தம் மன்னர் ஐந்தாம் பிரெடெரிக்கின் பெயரால் அதற்குப் பிரெடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற கட்டடங்களை ஆற்றங்கரையை ஒட்டி இன்றும் காணலாம். 1806-ல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டேனிய மன்னர் ஏழாம் கிறிஸ்தியானின் முத்திரை எழுத்துக்கள் உள்ளன. சிதைந்து கிடந்த இவ்வாலயம் செம்மையாகப் பழுதுபார்க்கப்பெற்று, 2016-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்புப் பரிசைப் பெற்றது. 1786-ல் தொடங்கிய டென்மார்க் விடுதி 2018-ல் மீண்டும் திறக்கப்பெற்றது. வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் 1818-ல் நிறுவிய கல்லூரி ஆற்றை நோக்கிய பெரிய தூண்களுடன் விளங்குகிறது.

இந்த ஸ்ரீராம்பூரின் அதிகாரிகள் தரங்கம்பாடியில் இருந்த டேனிய ஆளுநருக்குக் கீழ்ப்பட்டிருந்தனர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காவிரி நாட்டுக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஹூக்ளிக் கரைக்கு ஆணை வந்த காலம் ஒன்று இருந்தது. இதைக் கேட்டபின் எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சிற்றூரைப் பார்க்கும் ஆவல் பிறவாமல் இராது.

ஹவுராவிலிருந்தும் ஷாலிமாரிலிருந்தும் புறப்படும் சென்னை வண்டிகள் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் ஓடுகின்றன. வழியில் ஒடிசா எல்லைக்குள் பாலசோர் நிலையம் வரும். அங்கும் டேனியருக்கு ஒரு சிறு மனை இருந்தது. வண்டி அங்கே நிற்கும்போது சன்னலோரத்துப் பிள்ளைக்கு அதையும் சுட்டிக் காட்டலாம். சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பேருந்தில் சென்றால் தரங்கம்பாடி வந்துவிடும். முன்னர் 1926 முதல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் இருந்தது. 1986-ல் அது நிறுத்தப்பட்டது.

ஊரின் பெயரிலேயே ஒரு தமிழ்ப் பாடம் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை. ‘அலை பாடும் ஊர்’ என்று வழிகாட்டிகள் இனிமையாகப் பொருள் கூறுவர். ஆனால் பாடி என்ற சொல்லுக்கு ஊர், குடியிருப்பு என்ற பொருள் தொன்றுதொட்டு உண்டு. எனவே அலைக்கரை ஊர் என்று கொள்வதே பொருத்தம். இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டில் ஊரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்று காணப்படுகிறது. டேனியர் நாவில் இப்பெயர் திராங்கேபார் என்று திரிந்தது.

டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-ல் தோன்றியது. அதன் சார்பில் கப்பற்றலைவர் ஓவே கெட்டே இங்கு வந்து, தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டார். மிளகை நாடி வந்தவர்கள் அவர்கள். பின்னர் நம் நாட்டுத் துணிகளையும் ஏற்றிச் சென்றனர். நாயக்க மன்னரின் சார்பில் பொன்னேட்டில் பொறித்தளித்த உடன்படிக்கை இன்றும் டென்மார்க்கில் பாதுகாக்கப்படுகிறது. உடன்படிக்கையை அடுத்து எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை.

பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே கடற்கரைக்கு ஓடாமல், நகர வாயிலில் தொடங்கி நடப்பது நலம். 1792-ல் புதுக்கிக் கட்டப்பெற்ற அவ்வாயிலில் டேனிய அரச முத்திரையைக் காணலாம். வாயிலுக்குள் நுழைந்தால் இராஜ வீதி. அது கடலை நோக்கிச் செல்கிறது. 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இவ்வீதியில் உள்ளன. தூண்கள் வைத்த முன்தாழ்வாரங்களுடன் பழைய வீடுகள் நிற்கின்றன. ஆளுநர் மாளிகையைக் கடந்தால் திறந்த வெளியும் கோட்டையும் அதன் பின்னே கடலும் தோன்றும். நடந்து களைக்க வேண்டிய அளவுக்கு ஊர் பெரிதன்று; முதியோரும் மெல்ல நடந்து பார்த்துவிடலாம்.

கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டகசாலைகளும் சிறையறையும் இருந்தன. மேல்தளத்தில் அதிகாரிகள் வாழ்ந்தனர். இப்போது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இதைப் பேணி வருகிறது. உள்ளே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது, பால்டிக் கடலருகே பிறந்தவர்கள் பல மாதம் கப்பலில் கழித்து இங்கு வந்திறங்கியதை எண்ணாமல் இருக்க இயலாது. அவர்களும் பிழைப்பைத் தேடிக் கடல்கடந்தவர்களே. ஆனால் பீரங்கியுடன் வந்தவர்களுக்கும், தகரப் பெட்டியுடன் ரயிலேறிய நமக்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

தரங்கம்பாடியில் நாம் மறவாது சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. டேனிய மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இக்கரையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 24 நிறையவில்லை. தமிழ் கற்க விரும்பிய அவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டில், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கெல்லாம் குறிப்புடன் ஒரு பட்டியல் எழுதும் அளவுக்குத் தேறினார். கம்பெனி அதிகாரியுடன் பிணக்கு ஏற்பட்டு, 1708-ன் இறுதியில் இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையும் இருந்தார். பிறகு ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துக்களும் வரவழைத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இங்கு அச்சாகி 1715-ல் நிறைவெய்தியது. அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் அமைத்தனர். 1719-ல் அவர் மறைந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

முதல் தமிழ் நூல் அச்சேறியது தரங்கம்பாடியில்தான் என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழில் அச்சிட்டுவிட்டனர். ஆயினும் தொடர்ந்து நூல்களை வெளியிட்ட அச்சுக்கூடமாகத் தரங்கம்பாடி தமிழ் அச்சு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. இங்கும் ஸ்ரீராம்பூரின் தொடர்பைக் காண்கிறோம். ஆங்கிலக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் பாதிரிமார் பணியை விரும்பாமையால் கேரி குழுவினர் டேனியக் கொடியின் கீழ் ஒதுங்கி, 1800-ல் ஸ்ரீராம்பூரில் அச்சுக்கூடம் நிறுவினர். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டனர். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியும், தெருவில் பேசும் மொழியும் அச்சேறிய வரலாற்றில் இவ்விரு சிற்றூர்களும் இடம்பெற்றிருக்கின்றன.

பிறகு இவ்வூர்கள் ஏன் ஒடுங்கின? நெப்போலியன் காலத்துப் போர்களின்போது ஆங்கிலேயர் இவற்றைப் பிடித்துக்கொண்டனர். போர் முடிந்து திருப்பித் தந்தபோது டேனியரின் வாணிகம் மீளவில்லை. 1845-ல் தரங்கம்பாடி, ஸ்ரீராம்பூர், பாலசோர் மனை ஆகிய மூன்றையும் ஒரே உடன்படிக்கையால் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். பின்னர் ரயில் வசதி பெற்ற நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வாணிகம் சென்றது. பெருநகராக வளராமற் போனமையால் பழைய வீதிகள் இடிபடாமல் தப்பின. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை இவ்வூரில் முன்சீப்பாகப் பணியாற்றியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். மணலும் அலையும் கோட்டைச் சுவரும் சேர்ந்த காட்சி எழிலானது. ஆனால் இக்கடல் ஊரைத் தின்று வருகிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கின்றனர். நம் பாட்டனார் கண்ட கோயிலை நாம் காணவில்லை. ஆகையால் இன்னொரு விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இவ்வூர் வகையில் நல்ல யோசனையன்று.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடி மீனவக் குடும்பங்களும் பெரும் இழப்புக்கு ஆளாயின. ஆகவே இங்கு வேடிக்கை பார்க்கச் செல்பவர்கள் அடக்கமாக நடந்துகொள்ளுதல் முறை. வலை உலர்த்தும் இடத்தில் மிதித்து நடப்பதும், கேளாமல் படம் பிடிப்பதும், மணலில் குப்பையைப் போடுவதும் நமக்கு அழகல்ல. அது அவர்கள் வீட்டு முற்றம்.

நீராடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பழகியது திகாக் கடற்கரையில். வங்கக் கடலின் தலைப்பகுதி ஆழம் குறைந்து குறுகியிருப்பதால் அங்கு ஏற்றவற்றம் மிகுதி. நீர் வடிந்தால் தட்டையான கரை நெடுந்தூரம் வெளிப்படும். அதில் ஓடி விளையாடிய பிள்ளைகள் எல்லாக் கடலும் அவ்வாறே என்று எண்ணிவிடுவர். தமிழகக் கிழக்குக் கரையில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவே. நீர் விலகி வழிவிடாது. பல இடங்களில் சில அடி வைத்ததும் ஆழம் வந்துவிடும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கடலை நோக்கி ஓடும் நீரோட்டத்தில் அகப்பட்டால், அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முயலாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுவதே வழி. பாறைகள் கொட்டிய இடத்தில் இறங்கவே கூடாது. முழங்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் உள்ளூர் மீனவரைக் கேட்ட பின்னர்.

இக்கடற்காற்றில் ஓசோன் மிகுதி, அது உடலுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஓசோனை மிகுதியாக மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குத் தீங்கு செய்வதே. கடலின் மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் நுண்ணுயிர்களால் உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் என்று அறிவியலார் கூறுகின்றனர். காற்று தூயது, குளிர்ந்தது என்ற அளவில் மகிழ்ந்தால் போதும்.

வங்கத்துப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்வோர் விடியற்காலையில் கடற்கரையையும், வெயில் ஏறியபின் கோட்டையையும் ஆலயங்களையும் காண்பது நலம். பூஜை விடுமுறையில் செல்வோர் வடகிழக்குப் பருவமழையை மனத்திற் கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் இறுதி விடுமுறையில் செல்வோர்க்குக் காற்றும் வெயிலும் இதமாக இருக்கும்.

தனியே இதற்கென்று பயணம் வகுக்கவும் தேவையில்லை. அறுபதாம் கலியாணத்துக்காகத் திருக்கடையூர் செல்லாத குடும்பம் நம்மில் அரிது. அங்கிருந்து தரங்கம்பாடி பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவே. மாலைமாற்றி, விருந்துண்டு, வண்டியைத் திருப்பி ஊர் வந்துவிடுகிறோம். வடக்கே சென்றால் பூம்புகார். தெற்கே காரைக்கால், அம்மையார் கோயிலுடன். இன்னும் தெற்கே நாகூரும் வேளாங்கண்ணியும். எந்த நேர்த்திக்கடனை முன்னிட்டு அப்பக்கம் சென்றாலும் அரை நாளேனும் இங்கு தங்கலாம்.

நிறைவாக ஒன்றைப் பெற்றோரிடம் வலியுறுத்த விரும்புகிறோம். நம் பிள்ளைகளிற் பலர் தமிழை நன்கு பேசுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார். பள்ளியில் ஆங்கிலம், வங்காளம், இந்தி என்று மூன்று எழுத்துக்களின் சுமை இருப்பதை அறிவோம். ஆயினும், தமிழ் எழுத்தை மணலில் எழுதிக் கற்ற அயல்நாட்டார் ஒருவர் நூல் அச்சிட்ட ஊரில், நம் குழந்தை பெயர்ப்பலகையைக் காட்டி, “அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பது நமக்கு எளிதாக இராது. பயணத்துக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. நாள்தோறும் இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, இரண்டிரண்டு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தால், புறப்படுவதற்குள் பிள்ளை பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துவிடும். கடற்கரையில் அமர்ந்திருக்கையில் தன் பெயரையும் மணலில் எழுதிக் காட்டும்.

சென்று வந்த பிள்ளைகள், கண்டதை ஒரு பக்க அளவில் எழுதி நம் சங்கத்துக்கு அனுப்பினால் இப்பகுதியில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம். பிழைகளைத் திருத்திக்கொள்வது எங்கள் பொறுப்பு. தமிழ் எழுத்தில், பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.